ஒரு வண்டுக்கு மாப்பிள்ளை தேடி

ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் ஒருத்தி முதுகில் ஊசி குத்தப்பட்டுத் தனியாகக் கிடக்கிறாள். பழுப்பு நிறம். விரல் கணு அளவு நீளம். உடம்பெல்லாம் பட்டு மாதிரி மெல்லிய மயிர். அவள் இனத்தில் இன்னொருவரை யாரும் கண்டதில்லை. அவளுக்கு ஓர் ஆண் துணை கண்டுபிடிக்கத்தான் நான் மலேசியாவின் தைப்பிங் நகரிலிருந்து பழவேற்காட்டுக்குக் கிளம்பி வந்தேன். பூச்சியியல் பேராசிரியை என்று சொல்லிக்கொள்கிறேன். என் அண்ணன் பிள்ளைகள் "பூச்சி அத்தை" என்கிறார்கள்.

இந்த வண்டுக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கினால் போலிக் கருவண்டு என்று வரும். கருவண்டு போலவே இருக்கும், ஆனால் கருவண்டு இல்லை. பெயர் வைக்கும்போதே மட்டம் தட்டிவிட்டார்கள். பூஞ்சை பிடித்துப் பஞ்சாகிப் போன மரத்துக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகிற பிராணி. பயிரைத் தின்னாது, யாரையும் கடிக்காது. அதனாலேயே அதைப் படிப்பதற்கு யாரும் உதவித்தொகை தருவதில்லை.

அந்த இழுப்பறைப் பெண் ஒருத்தியை வைத்து எப்போதோ ஒருவர் தனிப் பேரினம் ஒன்றை உண்டாக்கிவிட்டார். இப்போது எங்கள் துறையின் பெரிய மனிதர் ஒருவர், அவளிடம் தனியாக ஒன்றுமில்லை, சாதாரண வண்டுகளோடு சேர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். ஆசியாவின் போலிக் கருவண்டுகளைப் பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருப்பவள் நான். மாதக் கடைசியில் அது அச்சுக்குப் போகிறது. ஓர் ஆண் வண்டு கிடைத்தால் அவள் பெயர் நிற்கும். கிடைக்காவிட்டால் என் கையாலேயே அவள் பெயரை அடித்துவிட வேண்டும்.

ஆண் எதற்கு என்றால், இந்த வண்டுகளில் ஆணின் வயிற்று நுனிக்குள் இருக்கும் உறுப்பு பூட்டுக்குச் சாவி மாதிரி. அதன் வடிவத்தைப் பார்த்தால்தான் எந்தப் பேரினம் என்று அடித்துச் சொல்ல முடியும். நான் அவளுடைய பின்னங்கால்களை நேரில் பார்த்தவள். கால் முனையில் இரண்டு முட்கள் சீப்புப் பல் போல நிற்கும். வேறு எந்த வண்டிலும் அதை நான் பார்த்ததில்லை. அது ஊனம் என்கிறார் பெரிய மனிதர். என் கண் பொய் சொல்லாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் விமானம் ஏறினேன்.

அவள் எங்கே கிடைத்தாள் என்று ஊசியில் இரண்டே சொற்கள்: பழவேற்காடு, பழம்படகு.

முதல் நாளே மீஞ்சூரில் அடி விழுந்தது. ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பிடிக்கிற வண்டுகளைப் போட்டு வைக்கச் சுத்தமான ஆல்கஹால் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலில், துண்டில் சுற்றி, மடியில் வைத்திருந்தேன். என்னையும் சேர்த்து உள்ளே ஒன்பது பேர், ஒரு கூடை காலிஃபிளவர். ஊரைத் தாண்டியதும் ஒரு பள்ளம் வந்தது. நான் மேலே போய்க் கீழே வந்தேன், பாட்டில் மட்டும் தனியாக வந்து கம்பியில் இடித்து உடைந்தது.

"இன்னாம்மா, வண்டிக்குள்ள பிராந்திக் கட மாதிரி வாசன அடிக்குது?" ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் நான் கேட்காமலே மொழிபெயர்த்தாள்: "பாக்க படிச்சவளாட்டம் கீறா, காலங்காத்தாலயே மடியில வெச்சினு சுத்துறாளேன்னு சொல்றாங்கோ."

வண்டு, ஆராய்ச்சி, தைப்பிங் என்று நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. புடவை நனைந்து, அந்த வாசனையோடு பழவேற்காட்டில் இறங்கினேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் இப்படி நடந்திருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். எனக்கு இதுவே மேல் என்று தோன்றியது.

எங்கள் ஊரிலும் ஏரி உண்டு. சுற்றிலும் நிழல் மரங்கள், நடைபாதை, காலால் மிதித்து ஓட்டும் அன்ன வடிவப் படகுகள். அந்த நினைப்போடு பாலத்தின் மேல் நின்று பழவேற்காட்டு ஏரியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கரை எங்கே என்றே தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நடந்து போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். தூரத்தில் பூநாரைகள். அவற்றுக்கும் பின்னால் புகைபோக்கிகள். "பறவையா மேடம்? போட் வேணுமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூவரிடமும் வண்டு என்றேன். மூவரும் விலகிப் போனார்கள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தவள் என் சிநேகிதி வசந்தா. சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறாள். அனுமதிகளும் அவள் ஏற்பாடு. கிடைக்கிற வண்டுகளும் அவள் கல்லூரியில்தான் இருக்கும், நான் படம் வரைந்துகொண்டு போகலாம். வசந்தாவுக்கு மாதாமாதம் கருவாடு கொண்டுவந்து கொடுப்பவர் கன்னியம்மா. அவர் வீட்டு மாடி அறையில் நான் தங்கினேன்.

கன்னியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. நான் போனபோது வாசலில் வலையை விரித்து அதன் மேல் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கும்போது ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்து வலியாக்கா?" என்றேன்.

"ஆபரேசன் பண்ண வவுறு டீச்சர். மூணு வாட்டி கீறிட்டாங்க. கொயந்தைக்கு ரெண்டு, கர்ப்பப்பைய எடுக்கச் சொல்லோ ஒண்ணு. குனிஞ்சு நிமுந்தா இஸ்துக்குது." பிறகு மூக்கைச் சுளித்தார். "இன்னா, குட்ச்சிட்டா வந்துக்கீற?"

கதையைச் சொன்னேன். நெத்திலியின் மேலேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று பயப்படும் அளவுக்குச் சிரித்தார். அன்று மதியம் ஏரி மடவை மீன் குழம்பு. எங்கள் வீட்டில் புளியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவோம். இங்கே புளி உட்கார்ந்து பேசுகிறது. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சவுக்குத் தோப்புக்குப் போனேன். உளியும் லென்ஸும் வெள்ளைத் துணியுமாக நான் ஒவ்வொரு செத்த கட்டையையும் புரட்டுவதை, படகு நிழலில் வலை முடிந்துகொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"எந்தக் கம்பெனிம்மா நீ? துறைமுகத்துக்கு எடம் அளக்க வந்துக்கீறியா?"

"இல்லைங்கய்யா. வண்டு தேடுறேன்."

"அளக்க வர்றவன் எவன் அளக்க வந்தேன்னு சொன்னான்? போன வாட்டி ஒருத்தன் காத்து பாக்க வந்தேன்னான்."

லென்ஸை அவர் கையில் கொடுத்து ஒரு கரையானைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்த லென்ஸ் எல்லோர் கைக்கும் போய்த் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. சந்தேகம் போய்விட்டது, காலை நேரமும் போய்விட்டது. தோப்பில் கரையானும் தேளும்தான் இருந்தன. உப்புக் காற்றும் வெயிலும் கட்டைகளை எலும்பாக்கி வைத்திருந்தன, பூஞ்சை பிடிக்க வழியே இல்லை. அதற்கடுத்த நாளும் அதே தோப்பு, அதே கதை. முதுகு விட்டுப்போனது. எனக்கு என்னவோ கோபம்தான் வந்தது, சோர்வு வரவில்லை. பெரிய மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டு இன்னும் நாலு கட்டைகளைப் பிளந்தேன்.

சாயங்காலம் கன்னியம்மா என் கைக் கொப்புளங்களைப் பார்த்தார்.

"உளுத்துப் போன கட்டதான வேணும்? மொதல்லியே சொல்றதுதான? எங்க மாமனார் போட்டு பின்னாலதான் கவுந்துனு கீது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பழம்படகு என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், கரையில் கிடக்கும் ஃபைபர் படகுகளை மட்டும் பார்த்து, மரப்படகெல்லாம் ஒழிந்துவிட்டது என்று தோப்புக்குப் போயிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், வேலிகாத்தான் புதருக்குள், குளியலறைத் தண்ணீர் போய்த் தேங்குகிற இடத்தில், ஒரு மரப்படகு குப்புறக் கிடந்தது. அடிப்பலகை பூராவும் வெள்ளைப் பூஞ்சை. விரலை வைத்தால் கேக் மாதிரி உள்ளே போனது.

பலகையைச் சற்றே நெம்பினேன். இருட்டிலிருந்து ஒன்று வெளியே வந்தது. பழுப்பு. விரல் கணு நீளம். வெளிச்சம் பட்டதும் துள்ளி, மல்லாந்து, உருண்டு, மறுபடி துள்ளியது. போலிக் கருவண்டுகள் பயந்தால் அப்படித்தான் உருளும். வெள்ளைத் துணியால் அமுக்கிப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். பின்னங்காலில் சீப்புப் பற்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதுவும் பெண்தான். வயிற்றின் கடைசியில் முட்டையிடும் குழல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தில் பொடிசாக வேறு வகைகள் சில ஓடின, அவற்றை விட்டுவிட்டேன். பெரியதாக இன்னும் இரண்டு தெரிந்தன, உருண்டு உள்ளே போயின. ஆண் எங்கேயோ அந்தப் பலகைகளுக்குள்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கன்னியம்மாவின் கணவர் தேசப்பன் வந்தார். ஆற அமரப் பேசுகிறவர், எப்போதும் இடுப்பில் லுங்கி, தோளில் துண்டு, மேலுக்குச் சட்டை கிடையாது.

"மேடம், அத்த ரொம்ப நோண்டாதீங்க. ஞாயித்துக்கெயம எங்க தங்கச்சி பொண்ணு கல்யாணம். வெறகு அதான்."

"எதை?"

"போட்ட. எங்க நைனா போட்டுதான், ஒட்ச்சி எரிச்சா எரிச்சதுதான். வூட்டுக் கல்யாணத்துக்குத்தான எரியப் போவுது, அது சந்தோசப்படும்."

நான் கெஞ்சினேன். ஆண் வண்டு வேண்டும், ஆல்கஹால் இல்லாமல் இப்போது பிடித்துப் பயனில்லை, செத்த மறுநாளே எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும், உள்ளே இருப்பது அழுகிவிடும், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர்தான் அதிகம், சென்னைக்குப் போய் வசந்தாவிடம் வாங்கிக்கொண்டு மறுநாளே வந்துவிடுவேன், அதுவரை கோடாலியைத் தொடாதீர்கள் என்றேன்.

தேசப்பன் யோசித்தார். "சரி மேடம். நீங்க வர்ற வரிக்கும் தொடல."

கிளம்பும்போது கன்னியம்மாவிடம், "அந்தப் பூச்சி ஏதாவது வெளியே வந்தா ஒரு டப்பாவுல பிடிச்சுப் போட்டு வையுங்கக்கா. அழுகாம மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

சென்னையில் வசந்தாவின் கல்லூரியில் ஆல்கஹால் இருந்தது. அது இருந்த அறையின் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் வருவார் என்றார்கள், அதற்கும் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். அந்த இரண்டு நாளும் நான் வசந்தாவின் வீட்டு வரவேற்பறையில் கூண்டுப் புலி போல நடந்துகொண்டிருந்தேன். அவள் தோசையாகச் சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். "ஒரு ஆம்பளைக்காக இவ்வளவு அலையறது உனக்கே நல்லா இருக்கா?" என்றாள். கல்யாணமான ஆறாவது வருடத்தில் விவாகரத்து வாங்கியவள் நான். அதனால் அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.

இந்த முறை பிளாஸ்டிக் பாட்டில். இரண்டு துண்டுகள். மீஞ்சூரில் அதே ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டுகொண்டு முன் இருக்கையில் உட்கார வைத்தார். பள்ளம் வந்தபோது வண்டியை ஏறக்குறைய நிறுத்தி இறக்கினார்.

வீட்டின் பின்னால் போனேன். படகு இல்லை.

படகு கிடந்த இடத்தில் ஈர மண்ணில் அதன் வடிவம் மட்டும் இருந்தது. புதருக்கு அப்பால் கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்தில் விறகு, அடுக்கடுக்காக, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

தேசப்பன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சமையக்காரர் சீக்கிரமே வந்துட்டாரு மேடம். ஈரக் கட்டய வெச்சினு நான் எப்டி பிரியாணி போடுறது, இன்னிக்கே பொளந்து காய வெய்யின்னுட்டாரு. நீங்க முந்தாநேத்தே வர்றேன்னீங்க. அன்னிக்கு ராத்திரி வரிக்கும் பாத்தேன். கற்பூரம் காட்டிட்டுதான் மொத வெட்டு போட்டேன்."

அவர் மேல் கோபப்பட வழியில்லை. வார்த்தை தவறியவள் நான்தான். இருந்தாலும் கோபம் வந்தது, சாவி வைத்திருந்தவர் மேல், அவர் மாமியார் மேல், பிரியாணி மேல்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?" கன்னியம்மா உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். "கோடாலி போடப் போட உன் பூச்சிங்க உருண்டு உருண்டு வந்துச்சு. ஒண்ணு வுடாம புட்ச்சிட்டேன். சின்னது, பெருசு எல்லாம். பத்ரமா கீது."

உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே உப்பு இருந்தது. கல்லுப்பு. அதற்குள் என் வண்டுகள், வரிசையாக, மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன.

"அழுவாம பாத்துக்கச் சொன்னல்ல?" அவர் குரலில் பெருமை. "உப்பு போட்டு நெத்திலி பக்கத்துலயே காய வெச்சேன். காக்கா துன்னுடும்னு மேல கொசுவல போட்டேன். ஒரு வருசம் ஆனாலும் கெடாது."

பரவாயில்லை, பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்தால் இளகும். எத்தனையோ அருங்காட்சியக வண்டுகள் இதைவிட மோசமாகக் காய்ந்தவைதான். ஒன்றை எடுத்து மல்லாத்தினேன். பின்னங்காலில் சீப்பு இருந்தது. வயிறு இல்லை. ஓடு மட்டும் இருந்தது, உள்ளே சுத்தமாக வழித்து எடுத்திருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே.

"அக்கா, வயிறு எங்கே?"

"கொடல எடுத்துட்டேனே! கொடல எடுக்காம உப்பு போட்டா புழு வச்சிடாது? ஒவ்வொண்ணா நகத்தால வகுந்து, பின்னால புடிச்சி இஸ்தேன், அலேக்கா வந்துச்சு. ஒரு மத்தியானமே ஆச்சு டீச்சர் எனக்கு."

"எடுத்ததெல்லாம்?"

"கோயிக்குப் போட்டேன்."

வேலியோரம் அந்தக் கோழி நின்றுகொண்டிருந்தது. எங்கள் உலகத்தில் ஒரே ஒரு பெண் வண்டை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் சண்டை போடுகிறார்கள். இந்தக் கோழி ஒரு மதியத்தில் அந்தப் பேரினத்தின் வயிறுகளை எல்லாம் தின்று முடித்துவிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அல்லது அந்தப் பெண்மணியைத் திட்டிவிடுவேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு விறகு அடுக்குக்குப் போனேன். ஒவ்வொரு துண்டாக எடுத்தேன், தட்டினேன், விரிசலில் ஊசி விட்டுப் பார்த்தேன், மறுபடி அடுக்கினேன். கன்னியம்மாவின் கைக்குத் தப்பியது ஒன்றாவது, ஒரே ஒன்றாவது இருக்காதா? வெயில் எல்லாவற்றையும் உலர்த்தியிருந்தது. சமையல்காரர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கட்டையில வஞ்சிரம் வாசன வருதேன்னு நான் பேஜாராய்க் கீறேன். நீ வேற அத்த மோந்து மோந்து பாக்குற. இன்னாம்மா வேணும் உனக்கு?"

"ஆம்பளை வேணும்" என்று கத்திவிட்டேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அடுக்கு முழுவதையும் முடித்துவிட்டேன். ஒன்றும் இல்லை. படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். கன்னியம்மா தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் அமர்ந்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"கொடல எடுத்துருக்கக் கூடாதா டீச்சர்?"

"எனக்கு வேண்டியதே அந்தக் குடல் பக்கம்தான்கா இருந்தது."

அவர் எழுந்து போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். "பெருசுல இல்லன்னா சின்னதுல பாக்க வேண்டிதுதான? அடியில கீதே. அத்தயெல்லாம் நான் வகுரல."

"ஏன்?"

"நெத்திலியப் போய் யாராச்சும் வகுந்துனு குந்துவாங்களா? வாள, கெளுத்தின்னா கொடல எடுக்கணும். பொடிசுங்கள அப்டியே காய வெய்க்க வேண்டிதுதான்."

பொடிசு எனக்கு எதற்கு? அது வேறு வகை என்று அன்றைக்கே படகில் விட்டவள்தானே நான். ஆனாலும் அவர் மனம் நோக வேண்டாமே என்று டப்பாவைச் சாய்த்து அடி உப்பிலிருந்து ஒன்றை எடுத்தேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு. லென்ஸை வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பின்னங்காலைப் பார்த்தேன்.

சீப்புப் பற்கள்.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே முட்கள், அதே வரிசை. முன்னங்காலுக்கு வந்தேன். பாதம் அகலமாக, அடியில் பிரஷ் வைத்தது போல மயிர். கூடும்போது பெண்ணின் வழுக்கும் முதுகைப் பிடித்துக்கொள்ள இந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு மட்டும் அப்படிப் பாதம் உண்டு. இன்னொன்றை எடுத்தேன், அதற்கும் அகலப் பாதம். பலகைச் சந்தில் என் மூக்குக்குக் கீழேயே ஓடிய பொடிசுகள்தான் மாப்பிள்ளைகள். பெண்ணுக்குப் பாதி அளவுகூட இல்லாத, நிறமும் வேறான ஆண்கள். அதனால்தான் இத்தனை காலம் யாரும் இருவரையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் பாதத்தை மட்டும் வைத்துப் பெரிய மனிதரின் வாயை மூட முடியாது. சாவியைப் பார்க்க வேண்டும்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே அடுப்பு மூட்டியாகிவிட்டது. தேசப்பனின் அப்பா ஏரியிலும் கடலிலும் ஓட்டிய படகு மூன்று அண்டாக்களுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. சமையல்காரரிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன். "ஆம்பள கெடச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். காய்ந்த மாப்பிள்ளை ஒருவரை அதில் போட்டு ஊற வைத்தேன். படிக்கட்டில் என் மடக்கு மைக்ராஸ்கோப்பை வைத்து, மேளச் சத்தத்துக்கு நடுவே, ஊசி முனையால் வயிற்று நுனியைத் திறந்தேன். முதல் வண்டு உடைந்துவிட்டது. இரண்டாவதற்குப் பொறுமையாக இருந்தேன். தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் அது முழுசாக வெளியே வந்தது.

தேன் நிறத்தில் ஒரு கொக்கி, நுனி இரண்டாகப் பிளந்து உள்பக்கம் வளைந்திருந்தது. போலிக் கருவண்டுகளின் சாவிகள் எல்லாவற்றையும் படங்களில் பார்த்து மனப்பாடம் செய்தவள் நான். இந்தச் சாவி எந்தப் படத்திலும் இல்லை. கெட்டிமேளம் கொட்டியது. அட்சதையைப் போட எழுந்திருக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் பெயர் நிற்கும்.

பட்டுப் புடவையில் கன்னியம்மா வந்து என் தோளைத் தட்டினார்.

"இன்னா டீச்சர், மாப்ள கெடச்சாரா?"

"கிடைச்சிட்டாருக்கா. அந்தப் பொடிசுங்க இருக்கே, அத்தனையும் ஆம்பளை."

"அப்ப நான் வகுந்ததெல்லாம்?"

"எல்லாம் பொம்பளை."

அவர் மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தார். கை வழக்கம்போல அடிவயிற்றுக்குப் போனது.

"த்தோடா," என்றார். "ஆம்பளைய ஒண்ணு பாக்கியில்லாம முழுசா வுட்டுட்டு, பொம்பள வவுத்த மட்டும் தேடித் தேடிக் கீறிக்கீறேன் பாரேன். எங்க வூட்லயும் அப்டித்தான்." தாடையால் அடுப்புப் பக்கம் காட்டினார். "அந்தா நிக்கிது பாரு. ஒடம்புல ஒரு கோடு கெடையாது."

சட்டையில்லாமல், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தேசப்பன் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். வியர்வையில் வயிறு பளபளத்தது. நான் அவரைப் பார்த்தேன், கன்னியம்மாவைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கண்ணீரும் வந்தது. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"இன்னா சிரிப்பு அங்க?" என்றார் தேசப்பன்.

"ஒண்ணுமில்ல. நீ வெறகத் தள்ளு."

அவர் குனிந்து படகின் கடைசித் துண்டை அடுப்புக்குள் தள்ளினார்.